பிரபுவின் பண்ணையும் நான்கவுரிக் கல்லறைகளும்

(அந்தமானின் ஹேடோவில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்த ஹேடோ துறையிலிருந்து கமோர்ட்டாவுக்கும் கட்சாலுக்கும் கப்பல் ஏறுகிறவர்களுக்கு நான்கவுரி பழகிய பெயர். சென்னைக்கும் நமக்கும் இடையே ஓடும் கப்பல் ஒன்றுக்கே அந்தப் பெயர் உண்டு. அந்தச் சிறு நிக்கோபார் தீவின் 18ஆம் நூற்றாண்டு வரலாறு, கடலே இல்லாத ஒரு நாட்டுப்புறத்தில், ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் இருந்த ஒரு பிரபுவின் பண்ணையோடு பிணைந்திருக்கிறது. பண்ணையின் பெயர் பெர்டெல்ஸ்டோர்ஃப். அதன் நிலத்தில் எழுந்த குடியிருப்பு ஹெர்ன்ஹூட். அங்கிருந்து கிளம்பிய, மொரேவியன் சகோதரர்கள் என்னும் கிறிஸ்தவச் சபையார் கிரீன்லாந்து முதல் கரீபியன் தீவுகள் வரை, தரங்கம்பாடி முதல் நான்கவுரி வரை சென்றார்கள். அவர்களைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பரவலுக்குப் பக்தியே காரணம் என்கிறார்கள். பக்தி இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்திக்கு வீட்டுமனையும் மரமும் ஆலயமும் சட்டப் பாதுகாப்பும் தந்தது ஒரு நிலப்பிரபுவின் அதிகாரம். அந்த அதிகாரம் இருந்த இடத்தில் சபை வேரூன்றியது. அதற்கு ஈடாக வேறொன்று கிடைத்த இடத்திலும் நிலைத்தது. இரண்டும் கிடைக்காத நான்கவுரியில் மடிந்தது. இதுவே நான் இன்று நிறுவ விரும்பும் கருத்து.

முதலில் அந்தப் பண்ணை எத்தகையது என்று பார்க்க வேண்டும். பண்ணை என்றதும் நமக்கு வயலும் களமும் நினைவுக்கு வரும். அக்காலத்து ஜெர்மன் பிரபுப் பண்ணையில் அவை ஒரு பகுதிதான். அதற்குரிய கிராமத்தில் சிறு வழக்குகளை விசாரிக்கும் உரிமை பிரபுவுக்கு உண்டு. ஊர் ஆலயத்துக்குப் போதகரை நியமிக்கும் உரிமையும் அவருக்கே. பெர்டெல்ஸ்டோர்ஃப் இருந்த மேல் லுசேஷியாவில் உழவர்கள் பரம்பரையாகப் பண்ணைக்குக் கட்டுப்பட்டவர்கள். பிரபுவின் நிலத்தில் ஊழியம் செய்தாக வேண்டும், அவருடைய இசைவின்றி ஊரைவிட்டுப் போகக் கூடாது. 1635இல் சாக்சனிக்குக் கைமாறிய பகுதி அது. மன்னரின் கை அங்கே முழுதாக எட்டவில்லை; குறுநிலப் பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. தஞ்சை மண்ணின் மிராசுதாரரையும் பண்ணையாளையும் அறிந்தவர்களுக்கு இதில் பாதி புரிந்துவிடும். மிராசுதாரரிடம் இல்லாத சில அதிகாரங்கள், முக்கியமாகச் சட்டம் ஒப்புக்கொண்ட நீதி விசாரணை, லுசேஷியப் பிரபுவிடம் இருந்தன என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1722இல் இந்தப் பண்ணையைத் தன் பாட்டி ஹென்ரியெட்டே கத்தரீனா ஃபான் கெர்ஸ்டோர்ஃபிடமிருந்து விலைக்கு வாங்கியவர் நிக்கோலாஸ் லுட்விக் சின்சென்டார்ஃப் பிரபு. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 22. ஹாலே நகரில் ஃபிராங்கேயின் பள்ளியில் படித்தவர். மிஷனரி சீகன்பால்கு முதலானோரின் தரங்கம்பாடிச் செய்திகள் வந்து சேர்ந்த இடம் அது. தமிழ் மண்ணைப் பற்றி அவர் சிறுவயதிலேயே அங்கே கேள்விப்பட்டிருந்தார். பண்ணை கைக்கு வந்த அதே ஆண்டில், கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மொரேவிய நாட்டுக் குடும்பங்கள் எல்லை தாண்டி வந்தன. வழிகாட்டி வந்தவர் கிறிஸ்டியன் டாவிட் என்னும் தச்சர். பிரபு ஊரில் இல்லை. பண்ணைக் காரியஸ்தர் ஹைட்ஸ் என்பவரே அவர்களுக்கு இடம் பார்த்தார்: ஹூட்பெர்க் குன்றின் சரிவில், லோபாவ் நகரிலிருந்து சிட்டாவ் போகும் நெடுஞ்சாலை ஓரம். ஜூன் 17 அன்று முதல் மரம் வெட்டப்பட்டது. குழந்தைகளின் பாலுக்காகப் பாட்டியார் ஒரு பசுவைக் கொடுத்தார் என்று சபையார் இன்றும் சொல்வார்கள். மனை பண்ணையுடையது, மரம் பண்ணைக் காட்டினுடையது, இடம் தேர்ந்தவர் பண்ணையின் சம்பளக்காரர். அந்த ஆண்டில் பெர்டெல்ஸ்டோர்ஃப் ஆலயத்துக்கு யோஹான் ஆண்ட்ரியாஸ் ரோத்தே என்னும் பக்திமிக்க போதகரை நியமித்ததும் பிரபு தம் உரிமையைப் பயன்படுத்தித்தான். அகதிகள் அங்கே கால் வைத்த நாளிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த நன்மைகள் ஒவ்வொன்றும் நிலவுரிமை என்னும் ஒரே வாசல் வழியாக வந்தன.

இந்த வரலாற்றின் இதயம் 1727ஆம் ஆண்டில் இருக்கிறது. சில நூறு பேர் சேர்ந்துவிட்ட குடியிருப்பில் சண்டைகள் மூண்டன. பிரபு டிரெஸ்டன் அரசவைப் பணியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பண்ணைக்கே வந்து தங்கி, மே 12 அன்று குடியிருப்புக்கான விதிகளை எல்லோரிடமும் ஒப்பம் பெற்று நிறுவினார். இரண்டு ஆவணங்கள் உருவாயின. ஒன்று, அன்பால் இணைந்த சகோதரர்களின் உடன்படிக்கை. பக்தி நூல்கள் விரும்பி எடுத்துக்காட்டுவது இதைத்தான். மற்றது, நிலப்பிரபு என்ற தகுதியில் அவர் இட்ட கட்டளைகளும் தடைகளும். இந்த இரண்டாவது ஆவணத்தைத்தான் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். விதிகளுக்கு உட்பட்டு ஹெர்ன்ஹூட்டில் வாழ்கிறவர்கள் எல்லாப் பண்ணை ஊழியத்திலிருந்தும் பிறப்புவழிக் கட்டிலிருந்தும் என்றென்றைக்கும் விடுபட்டவர்கள் என்று அதில் பிரபு அறிவிக்கிறார். அந்த வட்டாரத்தில் இது பெரிய செய்தி. நெசவாளி, தச்சர், குயவர் என்று யாராயினும் தங்கள் உழைப்பைத் தாங்களே ஆளலாம்; விரும்பினால் எழுந்து கடல் கடக்கலாம். கட்டுப்பட்ட உழவனை எந்தச் சபையும் தீவுகளுக்கு அனுப்பியிருக்க முடியாது. நான்கவுரிக்கு வந்தவர்களின் கால்கள் இந்த ஓர் ஆவணத்தால் அவிழ்க்கப்பட்டவை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. குன்றின் சரிவில் குடியேறியவர்களுக்கு விடுதலை எழுதித் தந்த கை, அந்தச் சரிவுக்குக் கீழே பெர்டெல்ஸ்டோர்ஃப் கிராமத்தில் காலங்காலமாக உழுதுவந்த குடும்பங்களுக்கு அதை எழுதித் தரவில்லை. அவர்கள் பழைய கட்டிலேயே இருந்தார்கள். அவர்களுடைய ஊழியமும் பண்ணை வருமானமும் பிரபுவின் பயணங்களையும் அச்சுக் கூலியையும் சபையின் தொடக்கச் செலவுகளையும் தாங்க உதவின. ஒரே பண்ணையில் ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்ட இரு ஊரார். ஒரு பகுதியினர் சுதந்திரர், மறு பகுதியினர் பண்ணையாட்கள். சின்சென்டார்ஃபைக் கொடியவர் என்று சித்திரிப்பது என் நோக்கமன்று. தம் காலத்துப் பிரபுக்களில் அவர் மிகவும் இரக்கம் கொண்டவர். ஆனால் அவருடைய இரக்கம் ஒரு சலுகையாகவே வழங்கப்பட்டது. அந்தச் சலுகையை வழங்கும் வல்லமை, கட்டுப்பட்ட உழைப்பின்மேல் நின்றது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதே 1727இல் ஆகஸ்ட் 13 அன்று பெர்டெல்ஸ்டோர்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் எல்லோரும் மனம் உருகி ஒன்றானார்கள். சபையின் உண்மையான பிறப்பு அதுவே. சட்டமும் நிலமும் வெறும் புறச்சூழல் என்பார்கள். அந்த நாளின் அனுபவம் உண்மையானது என்றே கொள்கிறேன். அடுத்த ஆண்டிலிருந்தே வீடுவீடாக அன்றாட வேதவாக்கியம் கொண்டுசெல்லும் பழக்கம் தொடங்கியது. 1731 முதல் அது ஆண்டுதோறும் அச்சாகி வருகிறது. இவ்வளவு நீண்ட ஆயுள் போலி உணர்ச்சிக்கு வாய்க்காது. ஆனால் உணர்வு மட்டும் போதுமா என்பதைச் சோதிக்க வரலாறே ஓர் உதாரணத்தைத் தந்திருக்கிறது. 1738இல் சகோதரர்கள் வெட்டராவ் பகுதியில் ஹெர்ன்ஹாக் என்னும் புதிய ஊரைக் கட்டினார்கள். ஹெர்ன்ஹூட்டையே விஞ்சும் அளவுக்கு அது வளர்ந்தது. அதே பாடல், அதே வழிபாடு, அதே தலைவர். வேறுபாடு ஒன்றுதான்: அந்த மண் பியூடிங்கன் பிரபுவுக்குரியது. புதிதாகப் பட்டத்துக்கு வந்த பிரபு 1750இல், சின்சென்டார்ஃபை விட்டு நீங்கி எனக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுங்கள் என்றார். மறுத்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் மூன்றே ஆண்டுகளில் காலியானது. பக்தி குறையவில்லை, காலடி மண் பறிபோனது.

ஹெர்ன்ஹூட்டுக்கும் அந்த ஆபத்து வந்தது. என் குடிகளைக் கவர்ந்து செல்கிறார்கள் என்று வியன்னா அரசு சாக்சனியிடம் முறையிட்டது. குடிமக்கள் நிலத்தோடு சேர்ந்த சொத்து என்று கருதப்பட்ட காலத்தில் அது திருட்டுப் புகாருக்குச் சமம். 1736இல் சின்சென்டார்ஃப் நாடு கடத்தப்பட்டார். 1747 வரை நிலையாகத் திரும்ப இயலவில்லை. அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஹெர்ன்ஹூட் ஏன் ஹெர்ன்ஹாக் ஆகவில்லை? வரப்போவதை உணர்ந்து, 1732இலேயே அவர் பண்ணையை மனைவி எர்ட்மூத்தே டோரோத்தேயாவின் பெயருக்கு விற்றிருந்தார். கணக்கு, கடன், அறுவடை எல்லாவற்றையும் அந்த அம்மையாரே பார்த்தார். சபை வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை என்பது என் எண்ணம். பிரபு ஊர் ஊராகப் பிரசங்கித்துத் திரிந்தபோது, பட்டா கையில் இருந்த ஒரு பெண்தான் ஹெர்ன்ஹூட்டைக் காத்தார்.

இனி கடல். 1731இல் கோப்பன்ஹேகனில் டென்மார்க் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குச் சென்ற சின்சென்டார்ஃப், கரீபியனிலிருந்து வந்திருந்த அந்தோன் என்னும் அடிமையிடமிருந்து அங்குள்ளோரின் துயரத்தைக் கேட்டார். 1732 ஆகஸ்டில் லியோன்ஹார்ட் டோபர், டாவிட் நிட்ஷ்மான் என்ற இருவர் ஹெர்ன்ஹூட்டிலிருந்து செயின்ட் தாமஸ் தீவுக்குக் கிளம்பினார்கள். ஒருவர் குயவர், மற்றவர் தச்சர். ஆனால் 1738க்குள் அங்கே என்ன நடந்தது? சபைப் பணிக்கு இடமும் வருமானமும் வேண்டும் என்பதற்காக ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். தோட்டத்தோடு அடிமைகளையும் வாங்கினார்கள். பரம்பரைக் கட்டிலிருந்து தாங்கள் விடுபட்டுப் பத்தாண்டளவே ஆகியிருந்தது. அடிமைகளுக்கு நற்செய்தி சொல்லப் போனவர்கள் அடிமைகளின் உடைமையாளர்கள் ஆனது வேதனையான முரண். ஆனால் அவர்கள் அறிந்திருந்த ஒரே முறை அதுதான்: கட்டுப்பட்ட சிலரின் உழைப்பு, விடுபட்ட சிலரின் பணிக்குச் சோறு போடும் பண்ணை முறை. அதையே அவர்கள் வெப்ப மண்டலத்துக்கும் எடுத்துச் சென்றார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். தரங்கம்பாடியில் கோட்டை வைத்திருந்து, நிக்கோபார் தீவுகளை 1756இல் தமக்குரியவை என்று அறிவித்த டேனிஷ்காரர்கள் அங்கே வைத்த முதல் குடியேற்றத்தைக் காய்ச்சலுக்குப் பலிகொடுத்தார்கள். உழைப்பாளிகளான சகோதரர்களை அனுப்பினால் தீவு நிலைபெறும் என்று கோப்பன்ஹேகன் எண்ணியது. சகோதரர்களுக்கோ புதிய மக்களிடம் செல்ல வழி கிடைத்தது. 1760 ஜூலையில் முதல் குழுவினர் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சின்சென்டார்ஃப் அதே ஆண்டு மே மாதம்தான் இறந்திருந்தார். தரங்கம்பாடிக் கோட்டைக்கு வெளியே, பொறையாற்றுப் பக்கம் நிலம் வாங்கி வீடும் பட்டறையும் தோட்டமும் அமைத்தார்கள். சகோதரர் தோட்டம் என்று அதற்குப் பெயர். ஏற்கெனவே அங்கே அரை நூற்றாண்டாக இருந்த ஹாலே மிஷனரிகள் இவர்களை வரவேற்கவில்லை. தமிழர்களிடையே பணி செய்வது தங்கள் உரிமை என்று எதிர்த்தார்கள். எனவே சகோதரர்கள் கைத்தொழிலிலும் சாகுபடியிலும் கவனம் வைத்தார்கள். பொறையாற்றைச் சுற்றி இருந்தது பண்ணையாள் முறை ஊறிய காவிரிக் கழிமுகம். கட்டுப்பட்ட உழவர்களின் நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள் கட்டுப்பட்ட உழவர்களின் நாட்டிலேயே வந்து இறங்கினார்கள். கைத்தொழிலை வாங்கச் சந்தையும், கூலிக்கு ஆளும், காக்கக் கோட்டையும் அங்கே இருந்தன. சகோதரர் தோட்டம் நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம். பிற்காலத்தில் ஆங்கிலக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பெயர்பெற்ற பெஞ்சமின் ஹைனே முதலில் இந்தச் சகோதரர்களில் ஒருவராகத்தான் தரங்கம்பாடிக்கு வந்தார்.

1768இல் தரங்கம்பாடியிலிருந்து சகோதரர்கள் நான்கவுரிக்கு வந்தார்கள். தாங்களே காட்டை வெட்டினார்கள், தாங்களே வீடு கட்டினார்கள், தாங்களே பயிரிட்டார்கள். சில ஆண்டுகளில் டேனிஷ் கம்பெனி தீவில் அக்கறை இழந்தது. அதன்பின் தரங்கம்பாடியிலிருந்து உணவும் மருந்தும் கொண்டுவர ஒரு கப்பல் பிடிப்பதே பெரும் செலவாயிற்று. 1779இல் வந்து சேர்ந்த யோஹான் கோட்ஃபிரீட் ஹென்ஸல் பின்னாளில் எழுதிய கடிதங்கள் 1812இல் லண்டனில் நூலாக வந்தன. நம் தீவுகளைப் பற்றிய பழைய நூல்களில் அவ்வளவு நேர்மையானது வேறு எதையும் நான் கண்டதில்லை. செலவைச் சமாளிக்கச் சிப்பிகளும் சங்குகளும் பாம்புகளும் சேகரித்து விற்பனைக்கு அனுப்பியதை அவர் மறைக்காமல் சொல்கிறார். தீவு மொழி முழுதாகப் பிடிபடாமல், கப்பல்காரர்களிடமிருந்து மக்கள் அறிந்திருந்த உடைந்த போர்ச்சுக்கீசியத்தில் பேசியதையும் சொல்கிறார். பதினொரு பேர் நான்கவுரியில் புதைக்கப்பட்டார்கள். அங்கே பிடித்த காய்ச்சலோடு திரும்பிய இன்னும் பதின்மூன்று பேர் தரங்கம்பாடியில் இறந்தார்கள் என்பது அவர் தரும் கணக்கு. 1787இல் எஞ்சியவர்கள் தீவைவிட்டு நீங்கினார்கள். இரு பதிற்றாண்டு உழைப்பில் ஒரு நிக்கோபாரியர்கூடச் சபையில் சேரவில்லை.

காய்ச்சல்தான் காரணம், வேறு ஆராய்ச்சி எதற்கு என்பது அடுத்த மறுப்பு. எளிதில் ஒதுக்கக்கூடிய மறுப்பன்று. இருபத்து நான்கு கல்லறைகள் அதன் பக்கம் நிற்கின்றன. ஆனால் காய்ச்சல் மட்டுமே ஒரு மிஷனை முடித்துவிடும் என்றால், தென்னமெரிக்காவின் சூரினாமில் அவர்கள் பணி முடிந்திருக்க வேண்டும். அங்கேயும் மிஷனரிகள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆனால் நான்கவுரியில் குடில் எழுந்த அதே 1768இல் பாராமரிபோ நகரில் கிறிஸ்டோஃப் கெர்ஸ்டன் என்ற சகோதரர் ஒரு தையல் கடை தொடங்கினார். அது கெர்ஸ்டன் கம்பெனி என்னும் பெரும் வணிக நிறுவனமாக வளர்ந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் வாடிக்கையாளர்கள். சபையே அடிமைகளை வைத்திருந்தது. இறந்தவரின் இடத்துக்கு அடுத்தவரை அனுப்பப் பணம் இருந்தது. சபை அங்கே இன்றும் இருக்கிறது. நான்கவுரித் துறைமுகத்திலேயே இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1869இல் ஆங்கிலேயர் கமோர்ட்டாவில் தண்டனைக் குடியேற்றம் வைத்தார்கள். அதே காய்ச்சல் அவர்களையும் வாட்டியது. இருந்தும் 1888 வரை அது நடந்தது, ஏனெனில் போர்ட் பிளேரிலிருந்து கப்பலும் கைதிகளின் உழைப்பும் வந்துகொண்டே இருந்தன. காய்ச்சல் ஆட்களைக் கொன்றது. பிரபுவோ, தோட்டமோ, அரசோ பின்னால் இல்லாதபோதுதான் அது குடியிருப்பையும் கொன்றது.

கிரீன்லாந்தைக் காட்டி என்னை மறுக்கலாம். 1733இல் அங்கே சகோதரர்கள் நிறுவிய புதிய ஹெர்ன்ஹூட்டில் தோட்டமும் இல்லை, அடிமையும் இல்லை. ஆனால் அவர்களுடைய பணி 1900 வரை நீடித்தது. இந்த உதாரணம் என் கருத்தின் எல்லையைக் காட்டுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே கொசுக்காய்ச்சல் இல்லை. டேனிஷ் வணிகக் கப்பல்கள் தவறாமல் வந்தன. சீல் வேட்டையாடும் மக்கள் மிஷனின் அருகில் வந்து குடியேறச் சம்மதித்தார்கள். பண்ணை இல்லாமலும் மிஷன் வாழ முடியும், ஆனால் உள்ளூர் மக்கள் தாமாகவே அதைத் தாங்க முன்வர வேண்டும். நான்கவுரி மக்கள் முன்வரவில்லை. அது ஏன் என்று கேட்டால்தான் இந்தத் தீவுகளின் சொந்த வரலாறு தெரியத் தொடங்கும்.

நிக்கோபாரில் நிலத்தை விற்று வாங்கும் வழக்கம் இல்லை. அது குடும்பங்களின் கூட்டு உடைமை. கார் நிக்கோபாரில் துஹேத் என்னும் கூட்டுக் குடும்பம் இன்றும் அதை நிர்வகிப்பதை நீங்கள் அறிவீர்கள். வேறொருவர் நிலத்தில் உழைத்தே பிழைக்க வேண்டிய மனிதர் அங்கே இல்லை. தென்னையும் தாழையும் கிழங்கும் பன்றியும் மீனும் ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்தன. கப்பல்காரர்களோடு பேரம் பேசக் கேப்டன்கள் இருந்தார்கள். ஆனால் ஊராரைக் கட்டளையிட்டு வேலை வாங்கும் அதிகாரம் அவர்களுக்கும் இல்லை. ஹென்ஸலே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பண்ணையை எதன்மேல் நிறுத்துவது? கூலிக்கு வர யாருக்கும் அவசியம் இல்லை. கட்டிவைக்க யாருக்கும் வலிமை இல்லை. மிஷன் வரலாறுகள் இதைத் தோல்வி என்று எழுதுகின்றன. மிஷனைப் பொறுத்தவரை அது தோல்விதான். ஆனால் நான்கவுரிக்காரரின் இடத்திலிருந்து பார்த்தால், தேங்காய்க்குப் புகையிலையும் துணியும் தரும் விருந்தினரை ஏற்றுக்கொண்டு, அவருக்கு உழைப்பாளியாக மாற மறுத்த ஒரு சமூகத்தின் உறுதி அதில் தெரிகிறது.

பின்னர் நிக்கோபாரியர் கிறிஸ்தவர்கள் ஆனார்களே என்று கேட்கலாம். ஆனார்கள். அந்த வேலையைத் தொடங்கியவர் ஒரு தமிழர் என்பதை இந்த அவையில் சொல்வது எனக்குப் பெருமை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமன் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு அரசு முகவராகவும் உபதேசியாராகவும் வந்தார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் பின்னர் மாண்டலேயில் படித்துத் திரும்பி, புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்து, ஆயராகி, 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரும் ஆனார். சாலமனுக்கும் அரசின் கப்பலும் சம்பளமும் பின்பலமாக இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை; அது என் வாதத்துக்கு ஒத்ததே. ஆனால் பலன் தந்தது, ஊருக்குள்ளிருந்தே ஒரு மகன் எழுந்து அந்தப் பணியைத் தனதாக்கிக்கொண்டபோதுதான்.

ஐரோப்பியப் பண்ணையின் கதை நமக்கு எதற்கு என்ற கேள்வியும் உண்டு. 1868இல் டென்மார்க் இந்தத் தீவுகளின்மேல் தனக்கிருந்ததாகச் சொன்ன உரிமையை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தபோது, அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பண்ணைக் கிராமம் கைமாறும்போது உழவர்களைக் கேட்காத அதே வழக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட நம் மக்களில் ஒரு பகுதியினர் கட்சாலின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இரு அரசுகள் மேசையில் எண்ணிப் பிரித்துக்கொண்ட குடிகள் அவர்கள். நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது, எழுந்து போகும் உரிமை யாருக்கு என்ற மூன்று கேள்விகளும் பெர்டெல்ஸ்டோர்ஃபிலும் பொறையாற்றிலும் கட்சாலிலும் ஒன்றே. பழங்குடியினர் நிலம் வெளியாருக்குப் போகாமல் தடுக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் இன்றும் நடப்பில் இருப்பதையும், அவற்றைச் சுற்றி இப்போது நடக்கும் விவாதங்களையும் இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

அந்தப் பண்ணை மாளிகைக்குப் பின்னர் என்ன ஆயிற்று? 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1913 வரை உலகெங்கும் உள்ள மொரேவிய மிஷன்களை ஆண்ட மூப்பர் குழு அங்கேதான் அமர்ந்திருந்தது. கிரீன்லாந்தின் கணக்கும் சூரினாமின் கணக்கும் தரங்கம்பாடியின் இறுதிக் கணக்கும் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்தக் குழு கூடிய காலத்திலேயே, 1832இல் சாக்சனி சட்டம் இயற்றும்வரை, லுசேஷிய உழவர்களின் பிறப்புவழிக் கட்டு அறுபடவில்லை. ஹெர்ன்ஹூட்டார் 1727இல் பெற்ற விடுதலை, அவர்களுக்குக் கீழே இருந்த கிராமத்தாரை எட்ட நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் மாளிகை கவனிப்பாரின்றிச் சிதைந்தது. 1990களின் பிற்பகுதியில் ஆர்வலர்கள் சங்கம் ஒன்று அமைத்து அதை மீட்கத் தொடங்கினார்கள். 2024இல் ஹெர்ன்ஹூட் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. டென்மார்க்கின் கிறிஸ்டியன்ஸ்ஃபெல்ட், அமெரிக்காவின் பெத்லகேம், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகிய மொரேவியக் குடியிருப்புகளும் அதே பட்டியலில் உள்ளன. ஒழுங்கான தெருக்களும் சமமான கல்லறைக் கற்களும் கொண்ட ஊர்கள் அவை, போற்றத் தக்கவையே. ஆனால் நிலைத்துநின்ற ஊர்களை மட்டும் வைத்து ஒரு முறையை மதிப்பிட முடியாது.

அதனால் தரங்கம்பாடியிலும் நம் தீவுகளிலும் வரலாறு படிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மொரேவியச் சபையில் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதிவைப்பது மரபு. இறந்தவரின் அடக்க ஆராதனையில் அது வாசிக்கப்பட்டு ஹெர்ன்ஹூட் ஆவணக் காப்பகத்துக்குப் போகும். மிஷன் நாட்குறிப்புகளும் கணக்குகளும் அங்கேதான் இருக்கின்றன. அவை பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருப்பதால் நம்மவர் அதிகம் தொடவில்லை; சில மாதப் பயிற்சியில் படித்துவிடக்கூடிய எழுத்துதான் அது. ஐரோப்பிய அறிஞர்கள் அவற்றைப் படித்து மிஷனரிகளின் வரலாற்றை எழுதிவிட்டார்கள். நாம் அங்கே தேட வேண்டியவர்கள் வேறு: சகோதரர் தோட்டத்தில் கூலி வாங்கிய பொறையாற்றுத் தொழிலாளர்கள், நான்கவுரிக்குக் கப்பல் ஓட்டிய மாலுமிகள், ஹென்ஸலுக்குச் சிப்பி எடுத்துவந்து கொடுத்த தீவுக்காரர்கள்.